செல்வி லாக் அவுட் செய்யாத நாள்

கணினிப் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்கள் மூவருக்கும்,

நூலக மென்பொருளையும் சிங்கிள் சைன்-ஆனுக்குள் கொண்டுவரப் போகிறீர்களாம். அதையும் மார்கழி பிறப்பதற்குள் முடித்துவிட வேண்டும் என்று தாளாளர் ஐயா சொல்லியிருக்கிறாராம். கேள்விப்பட்டதும் என்னால் சிரிப்பை அடக்க முடியவில்லை. ஓய்வு பெற்று ஆறு மாதமாகச் செம்மண்டலத்து வீட்டில் டிவியும் நானுமாக உட்கார்ந்திருந்தவளை எழுந்து பேனாவைத் தேட வைத்துவிட்டீர்கள். எந்தத் திரையில் எதை அழுத்துவது என்பதற்கெல்லாம் கையேடு இருக்கிறது, படித்துக்கொள்வீர்கள். கையேட்டில் இல்லாத ஒன்றை நான் சொல்கிறேன். போன வருடம், 2011-இல், இதே கார்த்திகைக் கடைசியில் பூசை போட்டு, கேசரி கிண்டி, நல்ல நேரம் பார்த்து என்னை நானே வெளியே தள்ளிக் கதவைப் பூட்டிக்கொண்ட கதை அது.

2004-இல் நான் சேர்ந்தபோது நம் கடலூர் கல்லூரியில் கணினிப் பிரிவு என்றால் நான் ஒருத்திதான். பிறகு சிதம்பரத்தில் நர்சிங் கல்லூரி வந்தது, ஆட்கள் வந்தார்கள், கடைசியாக அந்த கிளவுட் மென்பொருளும் வந்தது. வருகைப் பதிவு, மதிப்பெண், ஹால் டிக்கெட் எல்லாம் நம் சர்வரில் இல்லாமல் எங்கோ ஒரு கம்பெனியின் கணினிகளில் இருக்கும். நாம் இன்டர்நெட் வழியாகத் திறந்து வேலை செய்ய வேண்டும். மென்பொருளைக் குறை சொல்ல முடியாது. அதற்கென்று தனியாக ஒரு பாஸ்வேர்டு வேண்டியிருந்ததுதான் தொல்லை. காலையில் கணினியைத் திறக்க ஒன்று, இதற்கு இன்னொன்று. பேராசிரியர்கள் இதை அதிலும் அதை இதிலும் போட்டுப் பார்த்துவிட்டு எனக்குப் போன் செய்வார்கள். டாக்டர் பட்டம் வாங்கிய ஒருவர் தன் பாஸ்வேர்டை ஸ்கெட்ச் பேனாவால் எழுதி மானிட்டர் மேலேயே ஒட்டி வைத்திருந்ததைப் பார்த்த அன்றுதான் முடிவு செய்தேன். காலையில் ஒரு முறை, ஒரே பாஸ்வேர்டு. நம் சர்வர் ஆளை அடையாளம் பார்த்து அனுப்பினால் மென்பொருள் வேறு கேள்வி கேட்காமல் உள்ளே விட வேண்டும். அவ்வளவுதான் சிங்கிள் சைன்-ஆன்.

என்னைப் பற்றியும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். நான் ஒழுங்குக்காரி. ஒழுங்கு என்றால் சுற்றறிக்கை, நினைவூட்டல், கடைசியில் மெமோ. நான் ஒரு துறைக்குள் நுழைந்தால் அங்கிருப்பவர்கள் அவசர அவசரமாக எதையாவது மூடுவார்கள். அதை மரியாதை என்று பல வருடம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

இந்த ஒழுங்குக்கு அடங்காத ஒரே ஆள் சிதம்பரம் அலுவலகத்து செல்வி. கிள்ளைப் பக்கம் மீன்பிடிக் குடும்பம், வீட்டில் முதல் பட்டதாரி, தினமும் பஸ்ஸில் வந்து போகிற பெண். வேலையில் ஒரு குறை சொல்ல முடியாது. ஆனால் லாக் அவுட் மட்டும் செய்ய மாட்டாள். சாப்பிடப் போனாலும் சரி, டீ குடிக்கப் போனாலும் சரி, மானிட்டர் மேல் ஒரு மஞ்சள் துண்டைப் போட்டு மூடிவிட்டுப் போய்விடுவாள். யார் வேண்டுமானாலும் துண்டை விலக்கிவிட்டு மதிப்பெண்ணை மாற்றலாம் என்று எத்தனையோ முறை சொல்லிப் பார்த்தேன். அங்கே லைன் ரொம்ப மெதுவு, திரும்ப உள்ளே வருவதற்குள் கவுன்ட்டரில் நிற்கும் பிள்ளைகளுக்கு பஸ் போய்விடுகிறது என்பாள். அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. நான் இரண்டு மெமோ கொடுத்தேன்.

மறுபடியும் கார்த்திகைக்கு வருகிறேன். சோதனை வேலைகளை எல்லாம் முடித்து எல்லாம் சரியாக ஓடுகிறது என்று தாளாளர் ஐயாவிடம் சொன்னேன். தை பிறந்ததும் தொடங்கலாம் என்பது என் எண்ணம். அவர் பெண்ணாடத்தில் இருக்கும் தன் ஜோசியருக்கு ஒரு போன் போட்டார். மார்கழியில் புதிதாக எதையும் தொடங்கக் கூடாது, தை வரை இழுப்பானேன், இந்த வியாழக்கிழமையே நாள் நன்றாக இருக்கிறது, பத்தே முக்காலுக்கு மேல் நல்ல நேரம் என்று தீர்ப்பு வந்துவிட்டது. வெள்ளிக்கிழமை காலை நர்சிங் பிள்ளைகளுக்குப் பல்கலைக்கழகச் செய்முறைத் தேர்வு. வியாழன் மதியம் ஹால் டிக்கெட் அச்சடிக்க வேண்டும். வெளியூரிலிருந்து வரும் தேர்வாளர் ஹால் டிக்கெட் இல்லாத பிள்ளையை உள்ளே விட மாட்டார். விட்டுப்போனால் அடுத்த வாய்ப்புக்கு ஆறு மாதம் காத்திருக்க வேண்டும். இதையெல்லாம் அவரிடம் சொல்லி வேண்டாம் என்றிருக்க வேண்டும். "பண்ணிடலாம் ஐயா" என்றேன். என் வேலையில் எனக்கு அவ்வளவு பெருமை.

வியாழன் காலை எட்டு மணிக்கே சர்வர் அறையைக் கூட்டித் துடைத்து, சர்வருக்குச் சந்தனம் குங்குமம் வைத்தாயிற்று. பூசை என்றால் வீட்டைச் சுத்தம் செய்வோம் இல்லையா, அந்த வேகத்தில் சர்வரின் உள்ளேயும் சுத்தம் செய்தேன். சோதனைக்காக உருவாக்கிய ஆட்கள், சோதனைக் கோப்புகள் எல்லாவற்றையும் அழித்தேன். அவற்றோடு சோதனைக்குப் பயன்படுத்திய டிஜிட்டல் முத்திரையையும் அழித்துவிட்டுப் புத்தம்புதிதாக ஒன்று செய்து வைத்தேன். நல்ல காரியத்துக்குப் பழைய முத்திரை எதற்கு என்று நினைத்தேன். கணினிப் பிரிவில் ஏழு வருடம் குப்பை கொட்டியவள் நினைக்கிற நினைப்பா இது?

முத்திரை என்ன செய்யும் என்று உங்களுக்குத் தெரியும். நம் சர்வர் அனுப்புகிற ஒவ்வொரு ஆளின் அறிமுகச் சீட்டிலும் அது குத்தியிருக்கும். அந்த முத்திரை எப்படி இருக்கும் என்று மென்பொருளிடம் முன்கூட்டியே காட்டி வைத்திருப்போம். இங்கே மாற்றினால் அங்கேயும் புதியதைக் காட்ட வேண்டும். காட்டத்தான் உட்கார்ந்தேன். அதற்குள் தாளாளர் ஐயா அரை மணி நேரம் முன்னதாகவே வந்துவிட்டார், பின்னாலேயே கேசரி வந்தது, மாலையை எங்கே போடுவது என்று யாரோ கேட்டார்கள். எழுந்து போனவள் அந்த வேலைக்குத் திரும்பி வரவே இல்லை.

இது ஒரு தப்பு. இதோடு நின்றிருந்தால் பிழைத்திருப்பேன். அந்த மென்பொருளின் அமைப்புப் பக்கத்தில் இரண்டு வரிகள் இருந்தன. முதல் வரி, இனி எல்லோரும் கல்லூரி சர்வர் வழியாகத்தான் வர வேண்டும் என்பது. அதற்குக் கீழே, நிர்வாகிகள் மட்டும் பழைய பாஸ்வேர்டிலும் வரலாம் என்று இன்னொரு வரி. அதில் கம்பெனிக்காரர்களே டிக் போட்டு வைத்திருந்தார்கள். காரணமாகத்தான் போட்டிருந்தார்கள். நான் அந்த டிக்கை எடுத்துவிட்டேன். ஊருக்கெல்லாம் ஒரு சட்டம், எனக்கு ஒரு சட்டமா என்று தாளாளர் முன்னால் சொல்லிக்கொண்டே எடுத்தேன். அவர் தலையாட்டிப் பாராட்டினார்.

பத்தரைக்குள் எல்லோரும் லாக் அவுட் செய்துவிட வேண்டும் என்று இரண்டு ஊருக்கும் சுற்றறிக்கை போயிருந்தது. பத்து ஐம்பதுக்குத் தாளாளர் ஐயா பொத்தானை அழுத்தினார். கைதட்டல், கேசரி எல்லாம் ஆயிற்று. நானும் என் கணக்கிலிருந்து வெளியே வந்தேன், புது வழியில் எப்படி அழகாக உள்ளே போகலாம் என்று அவருக்குக் காட்டுவதற்காக. பாஸ்வேர்டு போட்டேன். உங்களை அடையாளம் காண முடியவில்லை என்று ஒரு வரி வந்தது. மறுபடி போட்டேன். மறுபடியும் அதே வரி. முதல்வர் போட்டார், தேர்வுப் பிரிவில் போட்டார்கள், எல்லோருக்கும் அதே வரிதான். நெட் சரியில்லை போலிருக்கிறது என்று யாரோ சொன்னார்கள். எனக்கு ஒரே நிமிடத்தில் புரிந்துவிட்டது. பழைய முத்திரை அழிந்தது அழிந்ததுதான். புதியதை மென்பொருளுக்குக் காட்ட வேண்டுமானால் உள்ளே போக வேண்டும். உள்ளே போகும் வழியை என் கையாலேயே அடைத்திருந்தேன்.

கம்பெனியின் உதவி எண்ணுக்குப் போன் செய்தேன். அந்தப் பையன் மரியாதையாகத்தான் பேசினான். நீங்கள்தான் நிர்வாகி என்று கல்லூரியின் லெட்டர்ஹெட்டில் எழுதி, முத்திரை வைத்து, ஸ்கேன் செய்து அனுப்புங்கள். சரிபார்க்க மூன்று வேலை நாள் ஆகும் என்றான். அவன் மேல் தப்பில்லை. போனில் அழுகிறவர்களுக்கெல்லாம் கதவைத் திறந்துவிட்டால் அது கதவே இல்லை. ஹால் டிக்கெட்டைக் கையால் எழுதிக் கொடுத்துவிடலாமே என்று தாளாளர் கேட்டார். பதிவெண், புகைப்படம், வருகை சதவீதம் மொத்தமும் உள்ளே இருக்கிறது ஐயா என்றேன். அவர் கையிலிருந்த கேசரித் தட்டைக் கீழே வைத்துவிட்டார். அவர் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

என்னைச் சுற்றிப் பத்துப் பேர் பத்து யோசனை சொன்னார்கள். சர்வரை ஆஃப் செய்து ஆன் செய்யுங்கள் என்பதுதான் அதிகம் பேர் சொன்னது. எல்லோரையும் வெளியே அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தேன். நான் அன்று செய்த முதல் புத்திசாலித்தனமான காரியம் அதுதான். எப்படி உள்ளே போவது என்று அதுவரை மண்டையை உடைத்துக்கொண்டிருந்தவள், கேள்வியைத் திருப்பிப் போட்டேன்: இந்த நிமிடம் உள்ளே யாராவது இருக்கிறார்களா? புது விதி புதிதாக வருகிறவர்களுக்குத்தான். முன்பே உள்ளே இருப்பவரை அது வெளியே தள்ளாது. ஆனால் பத்தரைக்கே எல்லோரையும் வெளியேறச் சொல்லியாயிற்று. என் சுற்றறிக்கையை மதிக்காத ஆள் இரண்டு ஊரிலும் சேர்த்து யார் இருக்கிறார்கள்?

நாற்காலியை விட்டு எழுந்தே விட்டேன். எழுந்த பிறகுதான் இன்னொன்றும் ஞாபகம் வந்தது. மென்பொருள் வந்த புதிதில் சிதம்பரத்துப் பிள்ளைகளின் புகைப்படங்கள் ஆள் மாறிக் கிடந்தன. திருத்துவதற்காக இரண்டு நாளைக்கு மட்டும் என்று செல்விக்கு முழு நிர்வாகி உரிமை கொடுத்திருந்தேன். அதைத் திரும்ப எடுத்தேனா? எவ்வளவு யோசித்தும் எடுத்ததாக ஞாபகம் வரவில்லை. ஒரு வேலையை மறந்ததற்காக அப்படிச் சந்தோஷப்பட்டது என் வாழ்க்கையில் அந்த ஒரு முறைதான்.

மணி பதினொன்று ஐம்பது. சிதம்பரத்தில் பன்னிரண்டுக்கு மின்வெட்டு. இப்போது மாதிரி இல்லை, அப்போதெல்லாம் சொன்ன நேரத்துக்குச் சரியாகப் போய்விடும். செல்வியின் கணினிக்கு யுபிஎஸ் உண்டு, இன்டர்நெட் மோடத்துக்குக் கிடையாது. கையில் பத்து நிமிடம் இருந்தது. லேண்ட்லைனில் கூப்பிட்டேன். அவளே எடுத்தாள்.

"செல்வி, லாக் அவுட் பண்ணிட்டியா?" பதற்றத்தில் என் வழக்கமான குரல் வந்துவிட்டது.

"பண்ணிட்டேன் மேடம். பத்தரைக்கே பண்ணிட்டேன்."

சரி வைத்துவிடு என்று சொல்லப் போனவள் நிறுத்தினேன். அவள் பதில் கொஞ்சம் வேகமாக வந்த மாதிரி இருந்தது. என்னைப் பார்த்ததும் அவசரமாக எதையாவது மூடுகிறவர்களின் வேகம் அது. இந்தப் பெண் பயத்தில் பொய் சொல்கிறாள் என்று தோன்றியது. மூன்றாவது மெமோவுக்குப் பயப்படுகிறவளிடம் அதட்டிக் கேட்டால் உண்மை வராது. கெஞ்சினாலும் ஏதோ சூழ்ச்சி என்றுதான் நினைப்பாள். வேறு எதுவும் தோன்றாமல் உள்ளதைச் சொன்னேன்.

"செல்வி, தப்பு பண்ணது நான்மா. இங்க எல்லாரையும் வெளிய வச்சுப் பூட்டிட்டேன். நானும் வெளியதான் நிக்கிறேன். நாளைக்கு உங்க புள்ளைங்களுக்கு ஹால் டிக்கெட் இல்ல. நீ உள்ள இருந்தா மட்டுந்தான் காப்பாத்த முடியும். இல்லன்னாலும் பரவால்ல, உன்னை ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

பின்னால் பிள்ளைகள் பேசிக்கொள்வது மட்டும் கேட்டது.

"மேடம்… துண்டு போட்டுதான் மூடி வச்சிருக்கேன்."

அந்த மஞ்சள் துண்டை அப்போதே கையில் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொள்ள வேண்டும் போல இருந்தது. துண்டை எடுக்கச் சொன்னேன். இடது ஓரத்தில் பல்சக்கரம் மாதிரி ஒரு படம் இருக்கிறதா என்று கேட்டேன். நிர்வாகி உரிமை இருப்பவர்களுக்குத்தான் அது தெரியும். இருக்கிறது என்றாள். பிறகு நான் செய்ததை மட்டும் கவனியுங்கள். சிங்கிள் சைன்-ஆனை மொத்தமாக நிறுத்தச் சொல்லியிருக்கலாம். அது மூன்று பக்கம் தள்ளி இருந்தது. நடுவில் இரண்டு எச்சரிக்கைகள் வரும். அந்த மெதுவான லைனில், போனில், பயந்துபோன ஒரு பெண்ணை வைத்து எட்டு நிமிடத்தில் மூன்று பக்கம் போக முடியாது. ஒரே ஒரு டிக் போதும் என்று முடிவு செய்தேன். நிர்வாகிகள் பழைய பாஸ்வேர்டில் வரலாம் என்ற அந்த இரண்டாவது வரி. அது திறந்தால் மிச்சத்தை நான் பார்த்துக்கொள்வேன். வேறு எதையும் தொடாதே, வேறு ஜன்னல் திறக்காதே என்று மட்டும் சொன்னேன்.

பல்சக்கரத்தை அழுத்தினாள். பக்கம் திறக்க மூன்று நிமிடம் ஆனது. வரியைப் படித்துக் காட்டச் சொன்னேன். எழுத்துக் கூட்டிப் படித்தாள். டிக் போட்டாள். சேமிக்கும் பொத்தானை அழுத்தினாள்.

"சுத்துது மேடம்."

"சுத்தட்டும். கைய எடுத்துடு."

என் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நின்றேன். பன்னிரண்டுக்கு ஒரு நிமிடம் இருந்தது. அந்தப் பக்கம் மின்விசிறி நின்று பிள்ளைகள் ஓ என்று கத்துவது கேட்டது. கரெண்ட் போய்விட்டது என்று செல்வி சொன்னாள். சேமித்துவிட்டதா என்று கேட்டேன். தெரியவில்லை, பக்கம் வெள்ளையாக நிற்கிறது என்றாள். அவள் குரல் அழுகைக்குப் பக்கத்தில் இருந்தது. ரிசீவரைத் தோளில் இடுக்கிக்கொண்டு என் பழைய பாஸ்வேர்டை அடித்தேன். அவசரத்தில் முதல் முறை தப்பாகப் போயிற்று. இரண்டாவது முறை அடித்ததும் கதவு திறந்துகொண்டது.

நான் கத்திய கத்தலில் வெளியே நின்ற பத்துப் பேரும் தாளாளரோடு உள்ளே ஓடி வந்தார்கள். ஏதோ ஷாக் அடித்துவிட்டது என்று நினைத்தார்களாம். ஐயாவிடம் நடந்தது முழுவதையும் சொன்னேன்: முத்திரையை அழித்தது நான், டிக்கை எடுத்தது நான், காப்பாற்றியது செல்வி. அன்று காலை வரை அவரிடம் நான் எந்தத் தப்பையும் ஒப்புக்கொண்டதில்லை. அவர் ஒரு நிமிடம் யோசித்துவிட்டு, "பாத்தியாம்மா, நல்ல நேரத்துல பண்ணதாலதான் தப்பிச்சோம்" என்றார். நல்ல நேரம் முடிய அப்போது இன்னும் நாழி இருக்கிறதா என்று காலண்டரைப் பார்க்கும் தைரியம் எனக்கு இல்லை.

புது முத்திரையைக் காட்டிவிட்டு இப்போதே திரும்பவும் அழுத்திவிடலாமா என்று அவர் கேட்டார். செய்திருக்கலாம், ஐந்து நிமிட வேலைதான். மானமும் மிஞ்சியிருக்கும். ஹால் டிக்கெட் முடியட்டும் ஐயா, தையில் பார்ப்போம் என்றேன். எல்லோரையும் பழைய பாஸ்வேர்டுக்கே மாற்றிவிட்டேன். நான்கு மணிக்குள் கடைசி ஹால் டிக்கெட்டும் சிதம்பரத்தில் அச்சாகிவிட்டது. அன்று மிஞ்சிய கேசரியை டப்பாவில் போட்டு மறுநாள் காலை பஸ்ஸில் நானே எடுத்துக்கொண்டு போனேன். இரண்டு மெமோவையும் செல்வியின் கோப்பிலிருந்து எடுத்து அவள் முன்னாலேயே கிழித்தேன். பிள்ளைகள் தேர்வு அறைக்குள் ஹால் டிக்கெட்டோடு போவதை வராந்தாவில் நின்று பார்த்துக்கொண்டிருந்தோம்.

இதைக் கேட்டுவிட்டு, லாக் அவுட் செய்யாமல் இருப்பது நல்லது, உரிமைகளைத் திரும்ப எடுக்காமல் இருப்பது நல்லது என்று கிளம்பிவிடாதீர்கள். துண்டு இன்னொரு நாள் காப்பாற்றாது. அன்று அதிர்ஷ்டம் எனக்குச் செய்ததைத் தையில் நான் திட்டம் போட்டுச் செய்தேன். யார் பெயரிலும் இல்லாமல், நம் சர்வரை நம்பாமல் தன் சொந்த பாஸ்வேர்டில் திறக்கும் நிர்வாகி கணக்கு இரண்டு உருவாக்கினேன். அவற்றின் பாஸ்வேர்டுகள் அரக்கு வைத்த உறையில், ஒன்று கடலூரில், ஒன்று சிதம்பரத்தில். மூன்று மாதத்துக்கு ஒரு முறை உறையைப் பிரித்து, கணக்கு திறக்கிறதா என்று பார்த்து, பாஸ்வேர்டை மாற்றித் திரும்ப அரக்கு வைக்க வேண்டும். பிரித்துப் பார்க்காத உறையை நம்பக் கூடாது. முதலில் ஒரே ஒரு ஆளை மட்டும் புது வழியில் விட்டோம், பிறகு ஒரு துறையை, பிறகு எல்லோரையும். அத்தனை நாளும் வேறொரு கணினியில் நிர்வாகியாக ஒருவர் உள்ளேயே உட்கார்ந்திருந்தார். தேர்வுக்கு முந்தைய நாளைத் தொடவே இல்லை, ஜோசியர் என்ன சொன்னாலும்.

அந்த முதல் ஆள் செல்வி. எல்லோர் முன்னாலும் லாக் அவுட் பொத்தானை அழுத்தினாள். ஒரு லாக் அவுட்டுக்கு ஒரு கல்லூரியே கைதட்டியதை அன்றுதான் பார்த்தேன். புது வழியில் பாஸ்வேர்டுப் பக்கமே வராததால், அந்த மெதுவான லைனிலும் சட்டென்று திரும்ப உள்ளே வந்தாள். இவ்வளவு சீக்கிரம் திறந்தால் நான் எதற்குத் துண்டு போடப் போகிறேன் என்றாள்.

இந்த வைகாசியில் என் பிரிவு உபசார விழாவுக்கு அவளும் வந்திருந்தாள். சாப்பாட்டுப் பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்து, ரொம்ப நாளாகச் சொல்ல வேண்டும் என்று நினைத்ததைச் சொன்னாள். அன்று போனில் லாக் அவுட் செய்துவிட்டேன் என்று என்னிடம் பொய் சொன்னபோதே, ஒரு கையால் துண்டை விலக்கி மவுஸைப் பிடித்துவிட்டாளாம். அம்பு லாக் அவுட் பொத்தான் மேலேயே நின்றிருக்கிறது, சொன்ன பொய்யை உண்மையாக்கிவிட.

"இன்னொரு வார்த்தை நீங்க அதட்டியிருந்தா அமுக்கியிருப்பேன் மேடம். தப்பு பண்ணது நான்னு சொன்னீங்க, கைய எடுத்துட்டேன்."

இலையில் இருந்த பாயசத்தை அப்படியே விட்டுவிட்டு அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். சிதம்பரத்து உறை இப்போதும் அவளிடம்தான் இருக்கிறது. நூலக மென்பொருளில் பொத்தானை அழுத்துவதற்கு முன்னால் அவளுக்கு ஒரு போன் போடுங்கள். அதட்டாமல் பேசுங்கள்.